செயின் கழன்றதா? சைக்கிளை ஒதுக்கும் முன் ஐந்து நிமிடம்





ஒரு கல்வியாண்டின் தொடக்கத்தில் நம் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரி ஒருவர் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. முந்தைய ஆண்டு பள்ளியில் கிடைத்த சைக்கிள் ஓடவில்லை என்றார். "செயின் போச்சு பாய். மாட்ட மாட்ட கழன்டுக்குது. டியூஷனுக்குப் போறதையே நிறுத்திட்டா" என்றார். மனுவை வாங்கினேன். அந்த மாதமே ஒரு புது சைக்கிளுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

எட்டு மாதம் கழித்து ரமழான் அரிசி கொடுக்க அதே வீட்டுக்குப் போனபோது மாடிப்படிக்குக் கீழே இரண்டு சைக்கிள்கள் சாய்ந்து நின்றன. பழையது ஒன்று, நாங்கள் கொடுத்தது ஒன்று. புதியதிலும் அதே குறை. பழைய சைக்கிளைக் குனிந்து பார்த்தேன். செயின் முழுசாக இருந்தது. பல் எதுவும் உடையவில்லை. பின்சக்கரத்தின் நட்டு தளர்ந்து சக்கரம் முன்னால் நகர்ந்திருந்தது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் ஸ்பேனர் வாங்கிப் பத்து நிமிடத்தில் சரி செய்தோம்.

அன்று எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. நான் கையெழுத்திட்ட பணம் உங்கள் சதகா. என் கையில் இருந்த அமானிதம். புது சைக்கிள் வாங்கிய அதே மாதத்தில் இன்னொரு பிள்ளையின் புத்தகச் செலவுக்கான மனுவை "நிதி இல்லை" என்று தள்ளி வைத்திருந்தோம். மனு வந்த அன்றே அந்தச் சைக்கிளை ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் இரண்டு பிள்ளைகளுக்கும் பயன் கிடைத்திருக்கும்.

அதனால்தான் இந்தப் பாடம். வீட்டு மூலையில் ஒதுக்கிய பல சைக்கிள்களில் எதுவும் உடைந்திருக்காது. செயின் தொய்ந்திருக்கும், அல்லது காய்ந்திருக்கும், அல்லது தேய்ந்திருக்கும். முதல் இரண்டையும் வீட்டிலேயே சரி செய்யலாம். மூன்றாவதை வீட்டிலேயே கண்டுபிடித்து, என்ன மாற்ற வேண்டும் என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போகலாம்.

செயினுக்குள் என்ன இருக்கிறது

1880 இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு என்பவர் உருவாக்கிய அமைப்புதான் இன்றும் நம் சைக்கிள் செயினில் இருக்கிறது. இரண்டு பக்கத் தகடுகள், அவற்றை இணைக்கும் ஊசி, ஊசியைச் சுற்றி ஒரு குழாய், அதன் மேல் சுழலும் உருளை. ஒரு ஊசியின் நடுவிலிருந்து அடுத்த ஊசியின் நடு வரை அரை அங்குலம். சாதாரண சைக்கிளானாலும் கியர் சைக்கிளானாலும் இந்த அரை அங்குலம் மாறுவதில்லை. செயினின் அகலம்தான் மாறும். அதனால் கடையில் செயின் கேட்கும்போது சாதாரண சைக்கிளா, கியர் சைக்கிளா, பின்னால் எத்தனை கியர் என்பதைச் சொல்ல வேண்டும்.

"செயின் நீண்டுவிட்டது" என்று நாம் சொல்கிறோம். உண்மையில் இரும்புத் தகடு இழுபட்டு நீள்வதில்லை. மணலும் துருவும் உள்ளே புகுந்து ஊசியையும் குழாயையும் தேய்க்கின்றன. ஒவ்வொரு இணைப்பிலும் மயிரிழை அளவு இடைவெளி கூடுகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட இணைப்புகளில் அது சேரும்போது செயின் தொங்குகிறது. உள்ளே எண்ணெய் இருந்தால் இந்தத் தேய்மானம் மெதுவாக நடக்கும். வெறும் மணல் இருந்தால் வேகமாக நடக்கும். செயின் பராமரிப்பின் அடிப்படை இவ்வளவுதான்.

முதலில் கேளுங்கள், பிறகு தொடுங்கள்

ஸ்பேனரை எடுக்கும் முன் சைக்கிளை டபுள் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஸ்டாண்டு இல்லையென்றால் பழைய துணி விரித்து, சீட்டும் ஹேண்டில்பாரும் தரையில் படும்படி தலைகீழாக வையுங்கள். பெடலைக் கையால் மெதுவாகச் சுற்றி, சத்தம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள்.

பெடலின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ஒரு முறை "டக்" என்றால் குறை பெடல் பக்கம். பெடல் கட்டை, கிராங்கைப் பிடித்திருக்கும் காட்டர் பின், அல்லது கோணலான முன் பல்சக்கரம், இந்த மூன்றில் ஒன்று.

ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுக்கு ஒரு முறை சத்தம் வந்தால் குறை செயினில் இருக்கிறது. செயின் ஒரு முழுச் சுற்று வர பெடல் அத்தனை முறை சுற்ற வேண்டும். ஏதோ ஒரு இணைப்பு துருப்பிடித்து மடங்காமல் நிற்கிறது. செயின் பின் பல்சக்கரத்தை விட்டு வெளியே வரும் இடத்தைப் பார்த்துக்கொண்டே பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால், அந்த இணைப்பு மட்டும் விறைப்பாக எழும்புவது தெரியும். அதில் எண்ணெய் விட்டு, இரு பக்கமும் பிடித்து இடவலமாக மெல்ல அசைத்தால் பெரும்பாலும் இளகிவிடும்.

பெடல் மிதிக்காமல் சைக்கிள் தானாக உருளும்போதும் சக்கரத்தோடு சேர்ந்து சத்தம் வருகிறதா? அப்படியானால் செயினைக் குறை சொல்ல வேண்டாம். சக்கரம், பிரேக் கட்டை, மட்காட் ஆகியவற்றில் எதுவோ உரசுகிறது.

செயின் முழுக்க "கிறீச் கிறீச்" என்றால் அது எண்ணெய் கேட்கிறது.

மிதிக்கும்போது கால் திடீரென்று வழுக்கி முன்னால் போனால் இது ஆபத்தான குறி. செயினோ பல்லோ தேய்ந்திருக்கிறது. அல்லது ஃப்ரீவீலுக்குள் இருக்கும் சிறு நாக்குகள் பிடிக்கவில்லை. எழுந்து நின்று மிதிக்கும் பிள்ளை இதனால் ஹேண்டில்பார் மேலேயே விழக்கூடும். சரி செய்யும் வரை சைக்கிளைச் சாலைக்கு எடுக்க வேண்டாம்.

கழன்ற செயினை மாட்டுவது

வழியில் செயின் கழன்றால் பிள்ளை முதலில் செய்ய வேண்டியது சைக்கிளோடு சாலை ஓரத்துக்கு வருவது. ஜி.எஸ்.டி. சாலையில், அதுவும் பைபாஸ் பிரியும் இடத்தில், நின்ற இடத்திலேயே குனிந்து செயினைப் பார்க்கும் பழக்கம் உயிரைப் பறிக்கும். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு வெளியூர்ப் பேருந்துகளும் நம் பக்கம் பெருகிவிட்டன என்பது உங்களுக்கே தெரியும். "முதலில் ஓரம், பிறகு செயின்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

சாதாரண சைக்கிளில் செயினை முதலில் பின்பக்கச் சிறு பல்சக்கரத்தில் முழுமையாக உட்கார வையுங்கள். அடுத்து முன்பக்கப் பெரிய பல்சக்கரத்தின் மேல் பற்களில் செயினின் நாலைந்து கண்ணிகளை மாட்டுங்கள். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு பெடலைக் கையால் மெதுவாக முன்னோக்கிச் சுற்றினால் மீதிச் செயின் தானாக ஏறும்.

பல்லுக்கும் செயினுக்கும் இடையே விரல் போகவே கூடாது. செயினைத் தள்ள ஒரு குச்சி போதும். ஒருவர் செயினைப் பிடித்திருக்க இன்னொருவர் பெடலைச் சுற்றுவதும் வேண்டாம். விரல் நசுங்குவது பெரும்பாலும் இப்படித்தான். பிடிப்பவரும் சுற்றுபவரும் ஒருவராகவே இருக்கட்டும்.

தொய்வை எடுப்பது

மாட்டிய செயின் மறுபடி கழன்றால் தொய்வை அளக்க வேண்டும். இரண்டு பல்சக்கரங்களுக்கும் நடுவில் செயினை விரலால் மேலும் கீழும் அசையுங்கள். மொத்தம் அரை அங்குலம் அளவுக்கு அசைவது சரி. ஒரு அங்குலத்துக்கு மேல் ஆடினால் தொய்வு. அசையவே இல்லையென்றால் மிகை இறுக்கம். அதுவும் செயினையும் பால்ரஸ் குண்டுகளையும் சீக்கிரம் கெடுக்கும். பெடலைச் சிறிது சிறிதாகச் சுற்றி நாலைந்து இடங்களில் அளவு பாருங்கள். எங்கே செயின் மிக இறுக்கமாக இருக்கிறதோ அந்த இடத்தில் அரை அங்குலம் இருக்கும்படி வைக்க வேண்டும்.

வேலை இப்படி:

1. பின்சக்கரத்தின் இரண்டு பக்க நட்டுகளையும் தளர்த்துங்கள். முழுக்கக் கழற்ற வேண்டாம். கேரியர், மட்காட் கம்பி, ஸ்டாண்டு ஆகியவையும் அதே நட்டில் மாட்டியிருக்கலாம். எது எந்த வரிசையில் இருக்கிறது என்பதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. சக்கரத்தைப் பின்னால் இழுங்கள். செயின் அட்ஜஸ்டர் இருந்தால் அதன் நட்டை இரு பக்கமும் ஒரே அளவு திருகுங்கள்.

3. தொய்வு சரியானதும் செயின் பக்கத்து நட்டை முதலில் பாதி இறுக்குங்கள். பிறகு டயர் இரண்டு பக்கக் கம்பிகளுக்கும் சரி நடுவில் நிற்கிறதா என்று பின்னாலிருந்து பார்த்து, மறுபக்க நட்டை இறுக்குங்கள். கடைசியில் இரண்டையும் நன்றாக இறுக்குங்கள். சக்கரம் கோணலாக நின்றால் செயின் மறுபடியும் கழலும்.

4. பிரேக்கைப் பாருங்கள். வீட்டு ரிப்பேரில் எல்லோரும் மறப்பது இதைத்தான். சக்கரம் பின்னால் நகர்ந்ததால் பிரேக் கட்டை ரிம்மில் படும் இடமும் மாறியிருக்கும். கட்டை டயரில் உரசினால் டயர் கிழியும். ரிம்முக்குக் கீழே இறங்கினால் பிரேக்கே பிடிக்காது. கட்டையை ரிம்முக்கு நேராக வைத்து இறுக்குங்கள்.

5. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் இரண்டு பிரேக்குகளையும் அழுத்திப் பாருங்கள். பிறகு தெருவுக்குள்ளேயே ஒரு பெரியவர் ஓட்டிப் பார்க்கட்டும். அதன் பின் பிள்ளையிடம் கொடுங்கள்.

சக்கரத்தை இதற்கு மேல் பின்னால் இழுக்க இடமில்லை, ஆனாலும் செயின் தொங்குகிறது என்றால் அந்தச் செயின் தன் ஆயுளை முடித்துவிட்டது.

சுத்தமும் எண்ணெயும்

காய்ந்த செயினில் நேராக எண்ணெய் ஊற்றுவது அழுக்கை உள்ளே அனுப்பும் வேலை. முதலில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மணலைத் தட்டி எடுங்கள். துணியில் சிறிது மண்ணெண்ணெயோ டீசலோ நனைத்து, பெடலைப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே செயினைத் துடையுங்கள். இரண்டும் கிடைக்காவிட்டால் பாத்திரம் துலக்கும் சோப்பும் வெந்நீரும் போதும். ஆனால் அதன் பிறகு துணியால் துடைத்து வெயிலில் நன்றாகக் காய விட வேண்டும். மண்ணெண்ணெயை அடுப்புக்கும் குழந்தைகளுக்கும் தூரத்தில் வைத்துப் பயன்படுத்துங்கள். அழுக்கான மிச்சத்தைக் கால்வாயிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள். நம் நிலத்தடி நீரைத்தான் நாம் குடிக்கிறோம்.

காய்ந்த பிறகு ஒவ்வொரு உருளையின் மேலும் ஒரு சொட்டு எண்ணெய். செயினின் ஓர் இடத்தில் சாக்பீஸ் குறி போட்டுக்கொண்டால் எங்கே தொடங்கினோம் என்று தெரியும். பெடலைப் பத்து முறை பின்னோக்கிச் சுற்றி எண்ணெய் உள்ளே இறங்க விடுங்கள். பிறகு உலர்ந்த துணியால் வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேண்டியது உள்ளே. வெளியே தங்கும் எண்ணெய் தெருப் புழுதியைத்தான் பிடிக்கும்.

எந்த எண்ணெய்? தையல் மிஷின் எண்ணெய் நல்லது. ஆனால் மெல்லியது என்பதால் அடிக்கடி விட வேண்டும். வண்டி இன்ஜினுக்கு ஊற்றும் புதிய ஆயிலும் ஒரு சொட்டு வீதம் விடலாம். தேங்காய் எண்ணெயும் சமையல் எண்ணெயும் கூடாது. சில நாளில் பிசின் போல் ஒட்டிக்கொள்ளும். மெக்கானிக் கடையில் வடித்த கறுப்பு ஆயிலும் கூடாது. அதில் இன்ஜின் தேய்ந்த இரும்புப் பொடி கலந்திருக்கும். துரு நீக்கும் ஸ்பிரே இறுகிய இணைப்பை இளக்க உதவும். அது எண்ணெய்க்கு மாற்றாகாது. ரிம்மிலும் பிரேக் கட்டையிலும் எந்த எண்ணெயும் படக்கூடாது.

வேலை முடிந்ததும் ஒரு விஷயம். கையிலும் நகக்கண்ணிலும் ஒட்டிய கிரீஸ், தண்ணீர் தோலில் படாமல் தடுக்கும் படலமாக இருந்தால் அதை நீக்கிவிட்டுத்தான் உளூ செய்ய வேண்டும். கையில் சிறிது தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்து, பிறகு சோப்புத்தூளும் சர்க்கரையும் கலந்து தேய்த்துக் கழுவினால் போய்விடும். தொழுகைக்கு அணியும் உடையோடு இந்த வேலையில் உட்கார வேண்டாம்.

தேய்மானத்தை அளப்பது

பிள்ளையின் பள்ளி ஸ்கேலே இதற்குப் போதும். பெடலை இலேசாக அழுத்தி மேல் செயினை விறைப்பாக்குங்கள். ஸ்கேலின் அங்குலப் பக்கத்தில் பூஜ்யத்தை ஓர் ஊசியின் நடுவில் வையுங்கள். அங்கிருந்து 24 ஆவது ஊசியின் நடு 12 அங்குலக் கோட்டில் இருக்க வேண்டும். சரியாக இருந்தால் செயின் நல்ல நிலையில் உள்ளது. கோட்டைத் தாண்டி ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு போயிருந்தால், கியர் சைக்கிளில் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. சாதாரண சைக்கிளில் இன்னும் சிறிது ஓடலாம். எட்டில் ஒரு பங்கு போயிருந்தால் எந்தச் சைக்கிளானாலும் மாற்றிவிட வேண்டும்.

அப்போது பற்களையும் பாருங்கள். நல்ல பல் இரு பக்கமும் ஒரே சாய்வில் இருக்கும். தேய்ந்த பல் ஒரு பக்கம் கொக்கி போல் வளைந்து கூர்மையாக இருக்கும். அப்படிப்பட்ட பல்லில் புதுச் செயின் போட்டால் முதல் நாளே வழுக்கும். செயினோடு ஃப்ரீவீலையும் மாற்றச் சொல்லுங்கள். காலத்தில் செயினை மட்டும் மாற்றியிருந்தால் பல்சக்கரத்தின் செலவு மிச்சமாகியிருக்கும். செயினைத் தள்ளிப்போட்டவர் இரண்டுக்கும் பணம் கொடுக்கிறார்.

செயின் லாக் உள்ள சைக்கிளில் அந்த லாக்கின் மூடிய முனை, செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது பட்டுக் கழன்று, ஓட்டத்திலேயே செயின் விழும். கடையில் புதுச் செயின் மாட்டிய பிறகு இதை நீங்களே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கியர் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு

இப்போது நம் பிள்ளைகள் பலர் கியர் சைக்கிள்தான் கேட்கிறார்கள். அதில் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுவது பின்சக்கரத்தின் அருகே தொங்கும் ஒரு கை. அதில் இரண்டு சிறு உருளைகள் இருக்கும். கடையில் டீரெய்லர் என்பார்கள். ஹேண்டில்பாரில் ஒரு "கிளிக்" கொடுத்தால் கேபிள் குறிப்பிட்ட அளவு இழுபட்டு அந்தக் கையை ஒரு பல் தூரம் நகர்த்துகிறது. புது கேபிள் சில வாரங்களில் சிறிது தளரும். அப்போது ஒரு கிளிக்குக்கு ஒரு கியர் என்ற கணக்குத் தவறும். இது பழுதே இல்லை. சரிப்படுத்த விரல் போதும்.

பின் கை மீது கேபிள் நுழையும் இடத்தில் கையால் திருகக்கூடிய ஒரு சிறு குமிழ் இருக்கும். சைக்கிளுக்குப் பின்னால் நின்று பார்த்தபடி இதைச் செய்யுங்கள். செயின் பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால் குமிழைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கால் சுற்று திருகுங்கள். சிறிய பல்லுக்கு இறங்கத் தயங்கினால் கடிகாரத் திசையில் கால் சுற்று. ஒவ்வொரு கால் சுற்றுக்குப் பிறகும் பெடலைச் சுற்றி எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். நான்கைந்து முறை திருகியும் மாற்றமில்லையென்றால் கேபிளின் உறைக்குள் துரு இருக்கிறது. கேபிளையும் உறையையும் மாற்ற வேண்டும். அது பெரிய செலவில்லை.

பின் கையில் எச், எல் என்ற ஆங்கில எழுத்துகள் பொறித்த இரண்டு சிறு திருகுகளும் இருக்கும். செயின் இரண்டு ஓரங்களையும் தாண்டாமல் தடுக்கும் வேலிகள் அவை. எச் வெளிப்பக்கச் சிறு பல்லுக்கு, எல் உட்பக்கப் பெரிய பல்லுக்கு. செயின் பெரிய பல்லைத் தாண்டிச் சக்கரக் கம்பிகளுக்குள் விழுந்தால் எல் திருகைக் கடிகாரத் திசையில் கால் சுற்று இறுக்குங்கள். சிறு பல்லைத் தாண்டி வெளியே விழுந்தால் எச் திருகை அவ்வாறே இறுக்குங்கள். மற்ற எந்தக் குறைக்கும் இந்தத் திருகுகளைத் தொட வேண்டாம். எல் திருகு தளர்ந்திருந்தால் பின் கையே கம்பிகளுக்குள் சிக்கி, ஓட்டத்தில் சக்கரம் நின்றுவிடும்.

சைக்கிள் வலப்பக்கமாக விழுந்த பிறகு கியர் கெட்டதா? பின் கையைத் தாங்கும் சிறு தகடு வளைந்திருக்கலாம். பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு உருளைகளும் பல்சக்கரத்துக்கு நேராக இல்லாமல் சக்கரத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். எந்தத் திருகாலும் இது சரியாகாது. பெரிய கியருக்கு மாற்றாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கடைக்குப் போங்கள்.

பிள்ளைகளுக்கு இரண்டு பழக்கம் சொல்லிக்கொடுங்கள். நிற்கும் சைக்கிளில் கியரை மாற்றக் கூடாது. பெடல் சுற்றும்போது, அழுத்தம் குறைத்து மாற்ற வேண்டும். முன்னும் பின்னும் இரண்டுமே பெரிய பல், அல்லது இரண்டுமே சிறிய பல் என்று வைத்து ஓட்டக் கூடாது. செயின் குறுக்காக இழுபட்டுச் சீக்கிரம் தேயும்.

எப்போது கடை அண்ணனிடம் போக வேண்டும்

அறுந்த செயினைக் கம்பி கட்டி ஓட்டக் கூடாது. ஆடும் காட்டர் பின், கோணலான பல்சக்கரம், ரிம்மில் கோட்டம், இரண்டு திசையிலும் வெறுமனே சுற்றும் ஃப்ரீவீல் ஆகியவற்றுக்குத் தனிக் கருவிகள் வேண்டும். ஃப்ரீவீலுக்கு மட்டும் ஒரு முயற்சி செய்யலாம். சைக்கிளைப் படுக்க வைத்து, ஃப்ரீவீலின் சுழலும் பகுதிக்கும் நிற்கும் பகுதிக்கும் இடையே உள்ள இடுக்கில் மெல்லிய எண்ணெய் சில சொட்டு விட்டுப் பின்னோக்கிச் சுற்றுங்கள். உள்ளே ஒட்டிக்கொண்ட நாக்குகள் சில நேரம் விடுபடும். அப்போதும் வழுக்கினால் மாற்ற வேண்டியதுதான்.

கடைக்குப் போகும்போது "சைக்கிள் ஓடல" என்று மட்டும் சொல்லாதீர்கள். "தொய்வு எடுத்தாச்சு, எண்ணெய் விட்டாச்சு, 12 அங்குலத்துக்கு எட்டில் ஒரு பங்கு கூடுது, பல்லும் கூராயிருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கு வேலை சுலபம். உங்களுக்கும் தேவையான செலவு மட்டும் ஆகும்.

மழைக்கு முன்னும் பின்னும்

நம் பகுதியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை சைக்கிளுக்குச் சோதனைக் காலம். மற்ற மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை எண்ணெய் என்றால் மழையில் வாரம் ஒரு முறை. நனைந்து வந்த சைக்கிளை அன்றிரவே துணியால் துடையுங்கள். மாதம் ஒரு முறை தொய்வும் பிரேக்கும் பாருங்கள். வருடம் ஒரு முறை, மழை தொடங்கும் முன், கடையில் ஓவராயிலிங் செய்துவிடுங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் கிடந்ததை யாரும் மறக்கவில்லை. அப்படிச் சேற்று நீரில் மூழ்கிய சைக்கிளுக்குச் செயினைத் துடைத்தால் மட்டும் போதாது. சக்கர அச்சு, பெடல் அச்சு ஆகியவற்றின் பால்ரஸ் குண்டுகளுக்குள் சேறு போயிருக்கும். ஓட்டாமல் நேராக ஓவராயிலிங்குக்குக் கொண்டு போவதே சிக்கனம்.

பெண் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள்

ஸ்பேனர் பிடிப்பது பையன்களின் வேலை என்று நினைக்க வேண்டாம். தமிழக அரசின் விலையில்லா சைக்கிள் திட்டமே 2001-02 இல் ஆதிதிராவிட, பழங்குடியின மாணவிகளுக்காகத் தொடங்கியது. பிறகு விரிந்து, 2005-06 முதல் அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் அனைவருக்கும் கிடைத்தது. பெண் பிள்ளை பள்ளியை விட்டு நிற்பதற்குத் தூரம் ஒரு காரணம் என்பதே அதன் பின்னிருந்த எண்ணம்.

அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பத்தாயிரக்கணக்கில் கிராமப் பெண்கள் கற்றார்கள். அவர்களில் முஸ்லிம் பெண்களும் முன்னே நின்றார்கள் என்பதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். தண்ணீர் எடுக்க, வேலைக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட, யாரையும் எதிர்பார்க்காமல் போகலாம் என்பதுதான் அந்தப் பெண்களுக்குக் கிடைத்த பெரிய ஆறுதல். செயின் கழன்றால் அந்த ஆறுதல் வழியிலேயே நின்றுவிடும். இருட்டும் நேரத்தில் தனியாக நிற்கும் மகளுக்குச் செயின் மாட்டத் தெரிந்திருப்பது ஒரு பாதுகாப்பு.

அவர்கள் சைக்கிளில் செயின் கவரை ஒருபோதும் கழற்றிப் போடாதீர்கள். சத்தம் வருகிறது என்று சிலர் கழற்றிவிடுகிறார்கள். புர்காவோ துப்பட்டாவோ பல்லில் சிக்கினால் ஓட்டும்போதே கீழே இழுத்துவிடும். கவர் உரசினால் வளைத்து நிமிர்த்துங்கள். பின்சக்கரத்தில் துணி காக்கும் வலையும் இருக்கட்டும். அங்கியின் ஓரத்தைச் சேர்த்துப் பின் குத்திக்கொண்டு ஏறச் சொல்லுங்கள்.

கடைசியாக

வீண்விரயம் என்றால் விருந்தில் மிஞ்சும் சோறு மட்டும் நம் நினைவுக்கு வருகிறது. மாடிப்படிக்குக் கீழே துருப்பிடிக்கும் சைக்கிளும் வீண்விரயம்தான். உங்களுடையது ஓடாமல் நின்றாலும், சரி செய்தால் இன்னொரு பிள்ளை பள்ளிக்குப் போகும்.

இனி சைக்கிள் உதவி கேட்டு வரும் மனுக்களில் பழைய சைக்கிளை முதலில் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். மனு கொடுப்பவர்கள் இதைச் சந்தேகமாக எண்ண வேண்டாம். முன்பு நான் செய்த தவறைத் திருத்திக்கொள்கிறோம். வரும் மாதத்தின் முதல் ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பின் அலுவலக வாசலில் இரண்டு ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், எண்ணெய், பழைய துணி எல்லாம் இருக்கும். ஓடாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். இன்ஷா அல்லாஹ், அவர்கள் கையாலேயே சரி செய்து ஓட்டிக்கொண்டு போகட்டும்.

முதலில் சொன்ன அந்த மகள் தேர்வு முடியும் வரை பழைய சைக்கிளிலேயே டியூஷன் போய் வந்தாள். புதியதைச் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, அந்தக் குடும்பமே இன்னொரு வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ்.

நம் பிள்ளைகளின் பாதைகளை அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்